‘எட்டுக்கால் பூச்சிதாங்க கடிச்சிருக்கும்’: மழைக்காலத்தில் இந்த வார்த்தை ஏன் ஆபத்து?

ஐப்பசி மழை ரெண்டு நாள் விடாமல் பிடித்தால் கணபதியில் சில விஷயங்கள் தவறாமல் நடக்கும். சத்தி ரோட்டில் வண்டி நகராது. சங்கனூர் பள்ளத்தில் தண்ணீர் ஏறும். அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு சிலந்தி போட்டோ வரும். உள்ளங்கை அகலத்துக்கு, காலை விரித்துக்கொண்டு, பாத்ரூம் டைல்ஸில் ஒட்டியிருக்கும். கீழேயே ஒரு ஃபார்வர்டு: ‘இது கடித்தால் சில மணி நேரத்தில் மரணம், எல்லோருக்கும் பகிரவும்’. அடுத்த பத்து நிமிடத்தில் யாராவது ஒருவர் துடைப்பக்கட்டையோடு செத்த சிலந்தியின் போட்டோவைப் போட்டுவிட்டு, ‘முடிச்சாச்சு’ என்பார்.

செத்தது பெரும்பாலும் ‘ஹன்ட்ஸ்மேன்’ என்ற வீட்டுச் சிலந்தி. வலை பின்னாது, ராத்திரியில் ஓடி ஓடிக் கரப்பான் பிடிக்கும். பெண் சிலந்தி காசு போல வட்டமான வெள்ளை முட்டைப்பையை வயிற்றுக்கு அடியில் தூக்கிக்கொண்டே சுற்றும். கையில் பிடித்து அழுத்தினால் கடிக்கும், வலிக்கும், அவ்வளவுதான். ஆள் சாவதில்லை.

சரி, அப்படியானால் மழைக்காலத்தில் சிலந்தியைப் பற்றிக் கவலையே வேண்டாமா? கவலை வேண்டும். ஆனால் அது போக வேண்டிய இடம் வேறு. நம் ஊரில் சிலந்தி கடித்து நடக்கும் கெடுதலை விட, வேறு எதையோ ‘சிலந்திக் கடி’ என்று நினைத்து வீட்டிலேயே உட்கார்ந்துகொள்வதால் நடக்கும் கெடுதல் அதிகம்.

மழை வந்தால் ஏன் கண்ணில் படுகிறது?

சிலந்திகள் மழையோடு வானத்திலிருந்து விழுவதில்லை. வருஷம் முழுக்க நம்மோடுதான் இருக்கின்றன. மண் பொந்திலும் கல் இடுக்கிலும் தண்ணீர் புகுந்ததும் மேலே ஏறுகின்றன. மழைக்கு ஈசலும் கொசுவும் விளக்கைச் சுற்றிப் பெருகும்போது, சாப்பாடு இருக்கும் இடத்துக்கு அவையும் வருகின்றன. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2010 வெள்ளத்துக்குப் பிறகு மரங்கள் முழுக்க வெள்ளைத் துணி போர்த்தியதுபோல் சிலந்தி வலை மூடியிருந்த படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. வெள்ளத்துக்குத் தப்பி ஏறிய சிலந்திகள் அவை. கணபதியில் நடப்பதும் அதே கதைதான், அளவு மட்டும் சின்னது. காலி பிளாட்டில் புதர், பட்டறை ஓரத்தில் குவிந்த இரும்பு, மாடியில் கிடக்கும் உடைந்த தொட்டி ஆகியவற்றிலிருந்து வீட்டுக்குள் இடம் மாறுகின்றன.

உலகில் பெயர் வைக்கப்பட்ட சிலந்தி வகைகளின் எண்ணிக்கை 2022 ஏப்ரலில் 50,000ஐத் தொட்டது. கிட்டத்தட்ட எல்லாவற்றுக்குமே விஷம் உண்டு. விஷம் இல்லாமல் அவற்றுக்குச் சாப்பாடு இல்லை. ஆனால் அந்த விஷம் ஈயையும் கரப்பானையும் மடக்குவதற்கு உருவானது. பல சிலந்திகளின் பல் மனிதத் தோலைத் தாண்டுவதே இல்லை. மனிதருக்கு மருத்துவரீதியாகத் தொல்லை தரும் வகைகள் மிகச் சில.

தெரிந்து வைக்க வேண்டியவை

கொங்குப் பகுதியில் உட்கார்ந்துகொண்டு உண்மையிலேயே தெரிந்து வைக்க வேண்டியவை ரெண்டு கூட்டம்.

முதலாவது, மரத்தில் வாழும் பெரிய ரோமச் சிலந்திகள். அறிவியல் பெயர் ‘பொசிலோதீரியா’. சாம்பல், கறுப்பு, மஞ்சள் பட்டைகளோடு பார்க்க அசத்தலாக இருக்கும். இந்தியாவும் இலங்கையும்தான் இவற்றின் சொந்த ஊர், உலகில் வேறு எங்கும் இயற்கையாகக் கிடையாது. இதில் ஒரு வகைக்கு வெளிநாட்டுச் செல்லப்பிராணி சந்தையில் பெயரே ‘சேலம் ஆர்னமென்டல்’. ராமேஸ்வரத்தில் ஒரு அனுமார் கோயிலின் பெயரைத் தாங்கிய இன்னொரு வகை அழிவின் விளிம்பில் நிற்கிறது. மரப்பொந்துதான் வீடு. மரம் போனால் பழைய கட்டிடத்துக்கு வரும். இலங்கையின் வடக்கே மாங்குளத்தில் பழைய மருத்துவர் விடுதி ஒன்றில் கிடைத்த சிலந்தியும் சேர்ந்துதான் 2012இல் ஒரு புதிய வகையாக விவரிக்கப்பட்டது. காலை விரித்தால் 20 செ.மீ. அளவு.

இது கடித்தால்? பயங்கர வலி, வீக்கம். அதோடு முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது, பல மணி நேரம் கழித்துத் தசைப்பிடிப்பு ஆரம்பிக்கும். கடித்த கையில் மட்டும் இல்லை, உடம்பு முழுக்க வரலாம், சிலருக்கு நாள்கணக்கில் திரும்பத் திரும்ப வரும். மரணம் என்று உறுதியான பதிவு இல்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய கடிதான் இது. இதில் ஒரு வினோதம் இருக்கிறது. இந்தத் தசைப்பிடிப்பு விவரத்தைச் சேர்த்து 2014இல் ஆய்வுக் கட்டுரை எழுதியவர்கள் ஐரோப்பியர்கள். கடி வாங்கியவர்களில் பெரும்பாலோர் கண்ணாடித் தொட்டியில் இந்தியச் சிலந்தியை வளர்க்கும் வெள்ளைக்காரர்கள். நம் ஊர்ச் சிலந்தி நம் ஊர் ஆட்களைக் கடித்தால் என்ன ஆகும் என்பதை அங்கே உள்ள செல்லப்பிராணிப் பிரியர்களைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது!

இரண்டாவது, ‘விடோ’ சிலந்திகள். அமெரிக்காவின் பிளாக் விடோவுக்கும் ஆஸ்திரேலியாவின் ரெட்பேக்குக்கும் சொந்தக்காரர்கள். இந்தக் கூட்டத்தின் ஒரு சிலந்தி குஜராத்தில் பருத்திக் காட்டில் காணப்பட்டது 2001இல் பதிவானது. பழுப்பு நிற விடோ தென்னிந்தியாவில் இருப்பதை 2013இல் ஒரு கட்டுரை உறுதி செய்தது. உடம்பு சின்னக் கோலிக்குண்டு அளவு, வயிற்றின் அடிப்பக்கம் ஆரஞ்சு நிற உடுக்கை மாதிரி ஒரு குறி. முட்டைப்பை சுற்றிலும் முள் முளைத்த பந்து மாதிரி இருக்கும், அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். பிளாஸ்டிக் சேரின் அடிப்பக்கம், பூந்தொட்டி விளிம்பு, ஓட்டாமல் நிறுத்தி வைத்த வண்டியின் மட்கார்டு போன்ற இடங்கள் அதற்குப் பிடிக்கும். பழுப்பு விடோ கடித்தால் பெரும்பாலும் அந்த இடத்தில் வலி மட்டும். கறுப்பு வகைகள் என்றால் வலி பரவும், வியர்த்துக் கொட்டும், வயிறு கல் மாதிரி இறுகும்.

தோலை அழுகவைக்கும் ‘ரெக்ளூஸ்’ பற்றியும் ஃபார்வர்டு வரும். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஒரு குடும்பம் தங்கள் வீட்டிலிருந்து ஆறு மாதத்தில் பிடித்த ரெக்ளூஸ் சிலந்திகள் 2,055. வீட்டில் ஒருவருக்குக்கூடக் கடி இல்லை. அங்கேயே நிலைமை அப்படி. ஆஸ்திரேலியாவில் சிலந்தியையும் கையோடு பிடித்து வந்த 750 கடிகளை மருத்துவர்கள் பின்தொடர்ந்து பார்த்து 2002இல் வெளியிட்டார்கள். அதில் தோல் அழுகிய கேஸ் ஒன்றுகூட இல்லை.

அப்போ அந்தக் கொப்புளம் எப்படி வந்தது?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. காலையில் எழுந்து பார்த்தால் கழுத்தில் கோடு போட்ட மாதிரி சிவந்து, எரிச்சலோடு கொப்புளம். பாட்டி சொல்வார், ‘ராத்திரி எட்டுக்கால் பூச்சி ஊர்ந்துருக்கும்’. பேரன் கூகுள் பண்ணிவிட்டு ‘ஸ்பைடர் பைட்’ என்பான். ரெண்டு பேரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்வது இந்த ஒரு விஷயத்தில்தான்!

பல சமயம் அது ‘பெடரஸ்’ என்ற சின்ன வண்டு. ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி, பெரிய எறும்பு மாதிரி இருக்கும். இது கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. மழைக்காலத்தில் வெள்ளை விளக்குக்கு வரும், கழுத்தில் உட்காரும், நாம் பட்டென்று அடித்து நசுக்குவோம். அதன் உடம்பில் உள்ள ‘பெடரின்’ என்ற ரசாயனம் தோலில் பட்டு, ஒரு நாள் கழித்துக் கொப்புளம் எழும்பும். முழங்கை மடிப்பில் பட்டால், மடக்கும்போது ஒட்டும் எதிர்ப் பக்கத்திலும் அதே வடிவில் வரும். 2022 ஜூலையில் சிக்கிமின் மஜிதார் பொறியியல் கல்லூரியில் நூறு மாணவர்கள் அளவுக்கு இந்தக் கொப்புளத்தோடு நின்றார்கள், காரணம் இந்த வண்டு. உட்கார்ந்தால் ஊதித் தள்ள வேண்டும். நசுக்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ராத்திரி ஷிஃப்ட் முடித்து லைட்டைப் போட்டுக்கொண்டே தூங்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது தனியாகச் சொல்ல வேண்டிய தகவல்.

கொப்புளம் உடம்பின் ஒரே பக்கத்தில், முதுகிலிருந்து நெஞ்சு வரை பட்டை போட்ட மாதிரி வந்தால் அது அக்கி. சின்ன வயதில் வந்த சின்னம்மை வைரஸ் நரம்பில் பதுங்கியிருந்து மறுபடி எழும்புவது. மண்பாண்டம் செய்பவரிடம் போய்க் காவியில் அக்கி எழுதிக்கொள்ளும் வழக்கம் இன்னும் கிராமத்தில் மட்டுமல்ல, டவுனிலும் இருக்கிறது. எழுதுவதால் பெரிய கெடுதல் இல்லை, ஆனால் அதற்குப் போகும் மூன்று நாள்தான் பிரச்சினை. வைரஸ் மருந்தை முதல் 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன். அதை விட்டால், வயதானவர்களுக்குக் கொப்புளம் ஆறிய பிறகும் நரம்பு வலி மாதக்கணக்கில் நிற்கும்.

இன்னும் மோசமானது, வலிக்காத ஒரு புண். அக்குளிலோ, இடுப்பில் துணி இறுகும் இடத்திலோ, தொடை இடுக்கிலோ சிகரெட்டால் சுட்ட மாதிரி கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. ‘ஏதோ பூச்சி’ என்று விட்டுவிடுவார்கள். கூடவே காய்ச்சல், தலைவலி. டெங்கு டெஸ்ட் எடுத்தால் நெகட்டிவ், டைஃபாய்டும் இல்லை. இது ஸ்க்ரப் டைஃபஸ், பேச்சுவழக்கில் உண்ணிக் காய்ச்சல். கடிப்பது புல்லிலும் புதரிலும் இருக்கும் கண்ணுக்கே தெரியாத ஒரு குட்டிப் பூச்சி. சொந்தம் கொண்டாடினால் அது சிலந்திக்குப் பங்காளிதான், எட்டுக்கால் குடும்பம். மழைக்குப் பிறகு புதர் வளர்ந்து குளிர் ஆரம்பிக்கும் மாதங்களில் தமிழ்நாட்டில் இந்தக் காய்ச்சல் கூடும். 2025 ஜனவரியில் பொது சுகாதாரத் துறை இதற்கென்றே எச்சரிக்கை விட்டது. சென்னையும் வேலூரும் உட்படச் சில மாவட்டங்களில் பாதிப்பு அதிகம் என்றது.

பயப்பட வேண்டிய நோய்தான். நுரையீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கி ஐசியூ வரை கொண்டுபோகும். ஆனால் சீக்கிரம் கண்டுபிடித்தால் டாக்சிசைக்ளின் என்ற பழைய, விலை குறைந்த மாத்திரையிலேயே குணமாகும். முற்றிய நிலைக்கும் வழி கண்டவர்கள் வேலூர் சிஎம்சி தலைமையிலான இந்திய மருத்துவர்கள். ஏழு மருத்துவமனைகளில் கிட்டத்தட்ட 800 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து ஊசியாகக் கொடுத்தால் பலன் கூடுதல் என்று 2023இல் காட்டினார்கள். உலகம் முழுக்க மதிக்கப்பட்ட ஆய்வு அது. இவ்வளவு இருந்தும், சட்டையைக் கழற்றி அக்குளைக் காட்டாமல் ‘பூச்சிக் கடிங்க, வேற ஒண்ணும் இல்லீங்க’ என்று சொன்னால் டாக்டருக்கும் தெரியாது.

கட்டுவிரியன்

கடைசியாக ஒன்று. தரையில் பாய் போட்டுப் படுத்தவருக்கு ராத்திரி சுருக்கென்று ஏதோ கடித்தது. லைட் போட்டுப் பார்த்தால் ஒன்றும் இல்லை. பல் தடமும் சரியாகத் தெரியவில்லை, வலியும் இல்லை. ‘எட்டுக்கால் பூச்சிதாங்க கடிச்சிருக்கும்’ என்று சொல்லித் திரும்பப் படுத்துவிடுகிறார். விடிகாலை வயிறு வலிக்கிறது, கண் இமை தானாகச் சொருகுகிறது, எச்சில் விழுங்க முடியவில்லை. இது கட்டுவிரியன் கடியின் பாடப்புத்தக அறிகுறி. அடுத்து மூச்சு நிற்கும்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியில் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் என்று 2020இல் வந்த ஆய்வு கணக்கிட்டது. வருஷத்துக்குச் சராசரி 58,000. அதில் பாதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழை மாதங்களில். அரசு ஆஸ்பத்திரியில் முறிமருந்து இலவசமாக இருக்கிறது. அங்கே போகாமல் தடுப்பது தூரம், பணம் மட்டுமல்ல, ‘பூச்சி’ என்ற அந்தச் சமாதானமும்தான். ராத்திரி எது கடித்தது என்று தெரியாவிட்டால், பாம்பு என்றே எடுத்துக்கொண்டு 108ஐக் கூப்பிட வேண்டும். டாக்டர் சில மணி நேரம் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று அனுப்பினால் ஒரு ராத்திரி தூக்கம்தான் போகும்.

சதியா சொன்ன பாடம்

2012 மே மாதம் அசாமின் தின்சுகியா மாவட்டத்தில் சதியா என்ற சிற்றூர் உலகச் செய்தியானது. கறுப்பாக, ரோமத்தோடு ஒரு சிலந்தி ஊருக்குள் படையெடுத்து, ஆட்களைக் கடிக்கிறது, ரெண்டு பேர் இறந்துவிட்டார்கள் என்பது செய்தி. ஊர் ராத்திரி தூங்கவில்லை. பூச்சிமருந்து அடிப்பதைப் பற்றி நிர்வாகம் யோசித்தது. பிறகு விவரம் வந்தது. இறந்தவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்னால் நாட்டு வைத்தியரிடம் போயிருந்தார்கள். விஷ ரத்தத்தை வெளியேற்றுவதாகச் சொல்லி பிளேடால் கீறியிருந்தார்கள். உடற்கூறாய்வுக்கு முன்பே உடல்கள் எரிக்கப்பட்டுவிட்டன. சிலந்தியா, வேறு ஏதாவதா, பிளேடா என்று இன்றுவரை யாராலும் அடித்துச் சொல்ல முடியாமல் போனது இதனால்தான்.

கீறுவது, வாயால் உறிஞ்சுவது, கயிறு போட்டு இறுக்குவது, சுண்ணாம்பு தடவுவது எதுவும் சிலந்திக் கடிக்கும் வேண்டாம், பாம்புக் கடிக்கும் வேண்டாம். சிலந்தி என்று கண்ணால் பார்த்திருந்தால் சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் வைத்தால் போதும். வலி பரவினாலோ, வியர்த்தாலோ, தசை இழுத்தாலோ, கடி வாங்கியது குழந்தை என்றாலோ நேராக ஆஸ்பத்திரி. இந்தியாவில் சிலந்திக்கென்று முறிமருந்து தயாரிப்பதில்லை, பாம்பு மருந்து இதற்கு வேலை செய்யாது. வலியையும் தசைப்பிடிப்பையும் அடக்குவதுதான் சிகிச்சை, பெரும்பாலும் அதுவே போதுமானது.

எண்ணினால்தானே தெரியும்

ஆஸ்திரேலியாவில் ரெட்பேக்குக்கு 1956லேயே முறிமருந்து வந்தது. ஃபனல்வெப் என்ற கொடிய சிலந்திக்கு 1981இல் வந்த பிறகு அந்தச் சிலந்தியால் ஒரு மரணமும் இல்லை. அவர்கள் சிலந்தியைப் பிடித்துக்கொண்டு வரச் சொன்னார்கள், அடையாளம் பார்த்தார்கள், எண்ணினார்கள். இங்கே 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய பட்டியலில் சேர்த்தது. நல்ல காரியம். இனி தனியார் ஆஸ்பத்திரியும் கணக்குச் சொல்ல வேண்டும். ஆனால் ‘ஏதோ கடித்தது’ என்று வருபவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார். அதே படிவத்தில் ‘அடையாளம் தெரியாத கடி’ என்று ஒரு கட்டம் சேர்க்கலாம், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் காய்ச்சலோடு வருபவரிடம் ‘உடம்பில் எங்கேயாவது கறுத்த புண் இருக்கா?’ என்று கேட்பதைக் கட்டாயமாக்கலாம். ரெண்டுக்கும் பெரிய செலவு கிடையாது.

அடையாளம் பார்க்க ஆளைத் தேடி வெளிநாட்டுக்குப் போக வேண்டியதும் இல்லை. இந்தியச் சிலந்திகளைப் பற்றி வரும் ஆய்வுகளில் கணிசமானவை வெளியாவது ‘ஜர்னல் ஆஃப் த்ரெட்டண்ட் டாக்ஸா’ என்ற இதழில். அதை நடத்தும் ஸூ அவுட்ரீச் அமைப்பு இருப்பது இதே கோவையில்தான். ஆனைகட்டியில் சலீம் அலி மையம் இருக்கிறது. இவர்களையும் மாவட்ட ஆஸ்பத்திரியையும் ஒரு போன் நம்பரால் இணைப்பது மாநகராட்சி நினைத்தால் ஆகக்கூடிய வேலை.

அதுவரை, மழை நாளில் ஷூவையும் ஹெல்மெட்டையும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போடுங்கள். பட்டறையில் பழைய இரும்பைக் கிளறும்போது கையுறை, அதையும் உதறிவிட்டு. கொடியில் கிடந்த துணியை உதறி மடியுங்கள். படுக்கை சுவரை ஒட்டாமல், கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகி. பாத்ரூம் டைல்ஸ் சிலந்தியை டம்ளரால் மூடி, அடியில் ஒரு அட்டையைச் செருகி வெளியே விடலாம். போன் எப்படியும் கையில்தான் இருக்கும்: கடித்தது எதுவோ அதை ஒரு போட்டோ, மணி எத்தனை, உடம்பில் எந்த இடம். குரூப்பில் போடுவதற்கு முன்னால் டாக்டரிடம் காட்டுங்கள்.